அஞ்சல் சர்வருக்குத் தனி இடம்

கூலாய், செடெனாக் பக்கம் பெரிய பெரிய தரவு மையங்கள் எழும்பிவிட்டன. ஆனாலும் தங்கள் மின்னஞ்சல் சர்வரைச் சொந்தக் கட்டடத்திலேயே வைத்து நடத்தும் ஜொகூர் நிறுவனங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கணக்குப் பிரிவின் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கில் அதை வைக்கவே கூடாது.

முன்பின் தெரியாத எந்தக் கணினி 25ஆம் போர்ட்டில் வந்து அழைத்தாலும் அஞ்சல் சர்வர் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் அதன் வேலை, ஆபத்தும் அதில்தான். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டை. 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வருக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டபோது, திருடர்கள் ஏற்கெனவே பல நிறுவனங்களுக்குள் புகுந்திருந்தார்கள்.

அதனால்தான் இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே டிஎம்இசட் எனப்படும் தனி வலயம். ஜொகூர் பாலத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: உட்லண்ட்ஸ் சாவடியைத் தாண்டிவிட்டாலும், சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் சோதனை முடியாமல் ஜொகூர் பாருவுக்குள் கால் வைக்க முடியாது.

இந்த வலயத்தில் அஞ்சல் பெட்டிகளை வைக்காதீர்கள். கடிதத்தை வாங்கி, வைரஸும் குப்பை அஞ்சலும் சலித்து, உள்ளே அனுப்பும் இடைநிலைச் சர்வர் மட்டும் போதும். வெளியிலிருந்து அதற்கு 25ஆம் போர்ட் மட்டும் திறந்திருக்கட்டும். அங்கிருந்து உள்ளே போக ஒரே விதி: அஞ்சல் பெட்டிகள் உள்ள சர்வரின் ஒற்றை முகவரிக்கு, அதே 25. கோப்புச் சர்வருக்கோ, பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலருக்கோ வழியே கூடாது. பராமரிப்பு இணைப்பும் உள்ளிருந்துதான் கிளம்ப வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ் டிரான்ஸ்போர்ட் சர்வர் இப்படித்தான் அமைகிறது. நிறுவனத்தின் பயனர் கணக்குப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியை அது தொடுவதில்லை. பெறுநர் பட்டியலை உள்ளே இருக்கும் சர்வரே 50636ஆம் போர்ட் வழியாகக் கொண்டுவந்து கொடுக்கிறது. எக்ஸ்சேஞ்சையே முழுதாக இந்த வலயத்தில் நிறுத்தினால், டைரக்டரிக்காக ஏகப்பட்ட போர்ட்டுகளைத் திறக்க நேரும். பிறகு ஃபயர்வால் பெயருக்குத்தான்.

அஞ்சல் சர்வர் என்றைக்கும் விழாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விழுந்தால் திருடன் கை எதுவரை நீளும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். அந்தக் கை தனிநபர் தரவைத் தொட்டால் சட்டமும் குறுக்கிடும்: மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இந்த வாரமே உங்கள் கணினிப் பொறுப்பாளரை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். டிஎம்இசட்டில் உள்ள சர்வரிலிருந்து கணக்குச் சர்வருக்கு இணைப்பு கேட்டுப் பார்க்கட்டும். கிடைத்துவிட்டால், அதற்கு வழிவிட்ட விதியை அன்றே நீக்கிவிடுங்கள்.