சி.டி.சி. ரோலரில் சிக்கிய கை

நீலகிரித் தேயிலை பேக்டரிகளில் கைக்கு மிகவும் ஆபத்தான இடங்களில் ஒன்று சி.டி.சி. மெஷின். அசாமில் 1930 வாக்கில் உருவான இந்த மெஷின் வாடிய கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளுக்குப் பதமாக்குகிறது. பல் வெட்டிய இரண்டு எஃகு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது ஏறக்குறைய 700. கொழுந்தை உள்ளே இழுப்பதற்கென்றே அமைந்த பற்கள் விரலையும் அப்படியே இழுத்துக்கொள்ளும். கையுறை காப்பாற்றாது, துணி சிக்கினால் அதுவே கையை உள்ளே கொண்டுபோய்விடும்.

ரோலரில் இலை அடைத்துக்கொள்ளும்போதும், ஷிப்ட் முடிவில் துடைக்கும்போதும்தான் கை உள்ளே போகிறது. சீசனில் இலை குவிந்து கிடக்கும். மெஷினை நிறுத்தினால் வேலை தேங்கும். ஓட்டத்திலேயே தட்டிவிடும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. அதைத் தொழிலாளியின் அசட்டை என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு மூடி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட்டு, உள்ளே கை வைப்பவரே சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு.

விரல் துண்டானால் முதல் சில மணி நேரம் முக்கியம். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகச் சதையில் பட்டால் திசு கெட்டுவிடும். ஒட்டும் அறுவைக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டி வரவே 50 கிலோமீட்டர் மலைப்பாதை என்பதால், குளிரில் வைத்த துண்டுதான் அந்த நேரத்தைத் தாங்கும்.

அடுத்தது இழப்பீடு. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு ஈ.எஸ்.ஐ. வழியாகவே பணம் வரும். மற்றவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அந்த ஏற்பாடு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. "உன் கவனக்குறைவுதானே" என்ற பேச்சு இங்கே செல்லாது. வேலையின்போது, வேலையால் காயம் என்றாலே முதலாளி பொறுப்பு. குடிபோதை, வேண்டுமென்றே காப்பு மூடியைக் கழற்றியது போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அவை பொருந்தா. காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் பேக்டரி உரிமையாளரிடமே கேட்கலாம்.

கட்டைவிரல் முழுதும் போனால் சட்டப் பட்டியலின்படி 30 சதவீத ஊனம். 40 வயதுக்காரர், மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைப்போம். அதில் 60 சதவீதம் 7,200. அந்த வயதுக்குரிய காரணி 184.17. பெருக்கினால் 13,26,024. அதில் 30 சதவீதம், ஏறக்குறைய 3,97,800 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும் சேரும். "பத்தாயிரம் வாங்கிக்கொள், லைன் வீட்டில் இருந்துகொள்" என்ற பேரத்துக்கு இணங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்த காகிதம் சட்டத்தில் செல்லாது.

பட்டியல் மட்டுமே முடிவு அல்ல. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அது முழு ஊனமே என்று 1970-களில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சி.டி.சி. பிட்டருக்கும் அதே வாதம் பொருந்தும்.

மருத்துவமனைச் சீட்டில் "பேக்டரி மெஷினில் அடிபட்டது" என்று எழுதச் சொல்வதும், முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வதும் பின்னால் கைகொடுக்கும். கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு கெடு. இப்போது இங்கே வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் தொழிலாளி காயத்தோடு ஊர் திரும்பிவிட்டாலும், சொந்த மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.