பிடியைப் பார், கொடியைச் சொல்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடலூர் மஞ்சக்குப்பத்தின் காலி மனைகளில் முள்வேலிக் கம்பியே கண்ணுக்குத் தெரியாது. கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, சீந்தில், பிரண்டை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பூத்திருந்தால் பெயர் சொல்வது எளிது. ஆனால் பல கொடிகள் ஆண்டின் பெரும்பகுதி பூவில்லாமல்தான் நிற்கின்றன. அந்த நாட்களில் கைகொடுப்பது அவை பற்றி ஏறும் விதம்.

இந்த வழியில் கொடிகளை முறையாகப் பிரித்துக் காட்டியவர் சார்லஸ் டார்வின். தண்டாலேயே சுற்றி ஏறுபவை, இலையால் பிடிப்பவை, பற்றுக்கம்பி உள்ளவை, கொக்கியால் தொற்றுபவை, வேரால் ஒட்டுபவை என 1865-ல் அவர் எழுதிய பாகுபாடு இன்றும் நம் ஊர் வேலிக்குப் பொருந்துகிறது.

பற்றுக்கம்பி இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரண்டையில் கணுவில் இலைக்கு நேர் எதிரே கிளம்பும். சிறுபூனைக்காலியில் இலைக் கக்கத்திலிருந்து வரும். முடக்கத்தானில் பூங்காம்பின் மேல்முனையில், பொடி வெள்ளைப் பூக்களுக்குச் சற்றுக் கீழே ஜோடியாகச் சுருண்டிருக்கும். செங்காந்தளுக்குத் தனிக் கம்பியே கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பிடித்துக்கொள்ளும். நம் மாநில மலர் என்று கொண்டாடும் இந்தச் செடியின் கிழங்கில் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. பூக்கும் முன்பே அதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவு.

கம்பி இல்லாமல் தண்டாலேயே சுற்றுகிறவற்றில்தான் குழப்பம் அதிகம். சீந்திலுக்கும் வேலிப்பருத்திக்கும் இதய வடிவ இலை. இரண்டும் ஒரே வேலியில் கிடக்கும். மருந்துக்கென்று பறிக்கப் போகிறவர்கள் இலையின் வடிவத்தை நம்பக்கூடாது. வேலிப்பருத்தியில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், மேலே மெல்லிய ரோமம் தெரியும், கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். சீந்திலில் கணுவுக்கு ஓர் இலைதான், பால் வராது. முற்றிய தண்டில் தோல் காகிதம்போல் உரியும், சிறு கொப்புளங்கள் தட்டுப்படும், மேலிருந்து நூல்நூலாக வேர்கள் தொங்கும். அரை நிமிடம் நின்று பார்த்தால் தீர்ந்துவிடுகிற சந்தேகம் இது. சுற்றும் திசையும் ஒரு சாட்சி. காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளில் சில வலமாகவும் சில இடமாகவும் சுற்றும். தாவரவியலார் அவற்றைப் பிரிக்க இதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

வேலியோடு நின்றுவிடாமல் கோயில் தோப்புகளுக்கும் போக வேண்டும். கடலூரை அடுத்த திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் உள்ள தோப்புகள், சோழமண்டலக் கரையில் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டுகள். புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்த காடுகள் இவை. இந்த வகைக் காட்டில் கொக்கிக் கொடிகளைப் பார்ப்பது தனி அனுபவம். மோதிரக்கண்ணியின் சிறுகிளையில் இரண்டு கொக்கிகள் எதிரெதிராக மோதிரம்போல் வளைந்திருக்கும். ஒரு குச்சியைக் கவ்விய பிறகு அந்த வளையம் தடித்து இறுகிவிடும். மஞ்சள் பூ வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. மிளகரணைக்கு மும்மூன்றாக இலை, தண்டெங்கும் வளைந்த முள். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம்.

குடமுழுக்கை ஒட்டித் தோப்பைச் சுத்தம் செய்யும்போது முதலில் அரிவாள் விழுவது இந்தக் கொடிகள் மேல்தான். மரத்துக்குப் பெயர் இருக்கிறது, கொடி வெறும் புதராகிவிடுகிறது. முற்றிய பெருங்கொடி ஒன்று அந்தக் கனத்துக்கு வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். வெட்டச் சில நொடி போதும். ஊர்ப் பெரியவர்களும் திருப்பணிக் குழுவினரும் வேலையைத் தொடங்கும் முன் பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரை ஒருமுறை அழைத்துத் தோப்பைச் சுற்றிக் காட்டுங்கள். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.