ஆராயும் விருப்பமும் அதற்கேற்ற தொழிலும்

விஞ்ஞானத்தில் மிகுந்த மதிப்பெண் பெறும் மாணாக்கரை வைத்தியத்துக்கோ பொறியியலுக்கோ அனுப்பிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவை சிறந்த தொழில்களே. ஆயினும் மதிப்பெண் வேறு, ஆராயும் விருப்பம் வேறு. நீர் கொதிக்கும்போது வெப்பமானி 98 டிகிரி காட்டினால், ஒரு மாணவர் புத்தகத்திலுள்ளபடி 100 என்று எழுதிவிடுகிறார்; மற்றொருவர் கருவியைச் சந்தேகித்து மீண்டும் கொதிக்கவைக்கிறார். (ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருந்தால் 98 என்பதே சரி.) ஆசிரியர் கவனிக்க வேண்டியவர் இந்த இரண்டாமவர்.

இத்தகையவருக்கு எந்தப் பொருளில் பற்று என்பதைவிட, எவ்வகை வேலையில் மனம் பதிகிறது என்று பார்ப்பதே மேல். அன்னா மாணி அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்ற அவர், பெங்களூரில் சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் நிறமாலையை ஆராய்ந்தார். ஒரு படம் பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டிய வேலை அது. முதுகலைப் பட்டம் இல்லையென்று அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1945-இல் பௌதிகம் பயில எண்ணி இங்கிலாந்து சென்றார். கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. விரும்பிய பொருள் கைநழுவியது; நுட்பமாக அளக்கும் வேலை மட்டும் கைவிடவில்லை. 1948-இல் பூனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்கள் அமைத்து, அவை இந்நாட்டிலேயே தயாராக வழிசெய்தார். 1957-58-இல் கொண்டாடப்பட்ட சர்வதேச பூபௌதிக ஆண்டையொட்டி, சூரிய வெப்பக் கதிர்களை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் ஏற்படுத்தினார். 1976-இல் ஓய்வு பெற்ற பின்னரும், இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய புள்ளிவிவரக் கையேட்டை 1980-இல் வெளியிட்டார்.

வெளியில் அலைந்து தேடுவதில் விருப்பமுள்ளோருக்கு வேறு துறைகள் உண்டு. 1851-இல் தோன்றிய இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்கு, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தி ஆட்களைத் தெரிந்தெடுக்கிறது. தாவரங்களை ஆராய 1890-இலும், விலங்குகளை ஆராய 1916-இலும் தனித் துறைகள் நிறுவப்பட்டன. பட்டப்படிப்பிலேயே ஆராய்ச்சியில் பழக விரும்புவோர், 2006 முதல் ஏற்பட்டுவரும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையங்களை நாடலாம்.

வெளிக்கள ஊழியரும் இதில் உதவலாம். அருகிலுள்ள பள்ளியின் மாணாக்கர் சிலரிடம், ஒரு பருவம் முழுவதும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். மழை பெய்யாத நாளிலும் சென்று பார்த்துப் பூஜ்யம் எழுதியவர் யார், இடத்தை வெறுமையாக விட்டவர் யார் என்பது பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.