உறுமாத வண்டிக்கு உயிர் உண்டா?

தெருக்கோடியில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்புகிறது. நீங்கள் ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா வந்தாச்சு, பாலை அடுப்பில் வை" என்று பெண்ணிடம் சொல்லிவிடுகிறீர்கள். நூறு வண்டி போகிற தெருவில் நம் வீட்டு வண்டியின் சப்தம் மட்டும் தனியாகத் தெரிகிறதே, கவனித்திருக்கிறீர்களா?

இப்போது வருகிற மின்சார வண்டிகளில் இந்தச் சௌகரியம் கிடையாது. பூனை மாதிரி வந்து வாசலில் நிற்கின்றன. "அப்பாடா, காதுக்கு நிம்மதி!" என்கிறீர்கள் நீங்கள். ஆனால் மோட்டார் ரஸிகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. மேளம் இல்லாத கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் மாதிரி அலுத்துக்கொள்கிறார்கள். இது வெறும் பைத்தியமா, அல்லது அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

சுருதிக் கணக்கு

பெட்ரோல் எஞ்சினுக்குள் நடப்பது சின்னச் சின்ன வெடி. ஒவ்வொரு சிலிண்டரிலும், எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். 1950-களில் நம் திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்த புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். நிமிஷத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் 500 வெடி. விநாடிக்குச் சுமார் எட்டு. காது அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கிறது. அதுதான் அந்தப் பிரசித்தி பெற்ற 'டப், டப்'!

நாலு சிலிண்டர் கார் 3,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 வெடி. இப்போது வெடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நாதமாகிவிடுகின்றன. பன்னிரண்டு சிலிண்டர் பந்தயக் கார் 8,000 சுற்றில் பறந்தால் விநாடிக்கு 800! சுருதி உச்ச ஸ்தாயிக்குப் போய்விடுகிறது.

வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது அல்லவா? அதனால்தான் கைதேர்ந்த டிரைவர் மீட்டரைப் பார்க்காமலேயே கியர் மாற்றுகிறார். எஞ்சின் திணறினாலும் காது சொல்லிவிடும். ரஸிகர்கள் ஏங்குவது வெறும் இரைச்சலுக்கு அல்ல. கைக்கும் யந்திரத்துக்கும் நடக்கிற இந்தப் பேச்சு வார்த்தைக்குத்தான்.

இந்தச் சப்தத்துக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி, தன் மோட்டார் சைக்கிளின் ஓசையையே டிரேட் மார்க்காகப் பதிவு செய்துகொள்ள 1994-ல் மனுப் போட்டது. மற்றக் கம்பெனிகள் ஆட்சேபித்தன. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2000-ல் மனு வாபஸ் ஆயிற்று. ஜப்பானில் லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. என்ற கார் மொத்தம் 500-தான் செய்தார்கள். அதன் எஞ்சின் நாதத்தைப் பக்குவப்படுத்தியவர்கள், பியானோ செய்வதில் பேர் போன யமஹாவின் நிபுணர்கள்!

2014-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எட்டு சிலிண்டர் எஞ்சின் போய், ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. சப்தம் குறைந்துவிட்டது என்று ரஸிகர்கள் கூச்சல் போட்டார்கள். மெர்ஸிடிஸ் கோஷ்டியார் புகைக் குழாயின் நுனியில் எக்காளம் மாதிரி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். பலன் பூஜ்யம்!

ஸ்ரீமதி ஃபோர்டின் கார்

மௌனமான கார் புதிய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் ஏராளமாக ஓடின. அவற்றை வாங்கச் சொல்லி விசேஷமாகப் பெண்களுக்கே விளம்பரம் செய்தார்கள். காரணம் உண்டு. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். மின்சாரக் காரிலோ புகை இல்லை, நாற்றம் இல்லை, சப்தமும் இல்லை.

ஊரெல்லாம் பெட்ரோல் காரை விற்றுத் தள்ளிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு எந்தக் காரை ஓட்டினார், தெரியுமோ? டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் காரை! கணவர் செய்த காரைப் பற்றி மனைவியின் அபிப்பிராயம் அதுவாக இருந்தது. ஆனால் 1912-ல் காடிலாக் காரில் கைப்பிடியைச் சுழற்றாமலே கிளப்பும் ஸ்டார்ட்டர் வந்தது. பெட்ரோல் விலையும் மலிவு. மின்சாரக் கார் மெல்ல மறைந்துபோயிற்று. நூறு வருஷம் கழித்து இப்போது திரும்பி வந்திருக்கிறது.

மௌனமும் ஆபத்து

மௌனத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் காதை நம்பித்தான் சாலையைக் கடக்கிறார்கள். சப்தமே போடாமல் வருகிற வண்டியை அவர்கள் எப்படி அறிவார்கள்? அமெரிக்காவில் பார்வையற்றோர் சங்கங்கள் இதற்காகப் போராடின. அதன் பேரில் 2010-ல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய மின்சாரக் கார் ஒவ்வொன்றும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை ஏதாவது ஓசை எழுப்பியே தீர வேண்டும். அதற்கு மேல் போனால் டயர் சாலையில் உரசும் சப்தமே போதும். நம் நாட்டிலும் கார், பஸ், லாரிகளுக்கு இப்படி ஒரு விதியை 2025-ல் வரைவாக வெளியிட்டார்கள். சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும் ஸ்கூட்டரை அதில் சேர்க்கவில்லை!

ஓசை வேண்டும் என்றானதும் சங்கீத வித்வான்களுக்கு வேலை வந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் நாதம் அமைத்தார். மஹிந்திராவின் மின்சாரக் கார்களுக்கு நம்ம ஏ.ஆர். ரஹ்மான்! ஹியூண்டாயின் அயோனிக் 5 என். என்ற கார் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. இல்லாத எஞ்சின் உறுமுகிறது. இல்லாத கியர் மாறும்போது வண்டி ஒரு குலுக்கலும் குலுக்குகிறது. ரஸிகர்களில் சிலர், "பொய்ப் பல் கட்டிக்கொண்டு சிரிக்கிற மாதிரி" என்று முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலரோ, "பொய்யானால் என்ன? கைக்கும் காதுக்கும் மறுபடி வேலை கிடைத்ததே!" என்று பூரிக்கிறார்கள்.

ரஸிகர்களின் துக்கம் நியாயமானதுதான். ஒரு கலை கண்ணெதிரே மறைகிறதென்றால் யாருக்குத்தான் வருத்தம் இராது? ஆனால் பந்தய மைதானத்தில் ரஸிக்க வேண்டியதை, ஆஸ்பத்திரி வாசலில் பாதி ராத்திரியில் ஸைலன்ஸரைக் கழற்றிவிட்டுக் காட்டுகிறவர்கள் ரஸிகர்கள் அல்ல. தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் தெருவின் அமைதியில் பங்கு உண்டு.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. "வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நில்" என்றுதான் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். இனி அந்தப் பாடம் போதாது. "சத்தம் கேட்காவிட்டாலும் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும்" என்று இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்!