மலிவு ஒலிவாங்கியும் மாற்றுக் காப்சூலும்

ஒலிவாங்கியைக் காண்போர் அதன் பருத்த உலோக உடலையும் கம்பிவலைத் தலையையும் கண்டே தரத்தை மதிப்பிடுவர். ஆயின் ஒலியை மின்னலையாக மாற்றும் தொழில் அவ்வுடலில் நடைபெறுவதன்று. வலைத்தலையின் உள்ளே ‘காப்சூல்’ எனப்படும் வட்டமான சிறு கூடு ஒன்று உண்டு. கேட்கும் செவி அதுவே. ஏனையவை அதற்கு உறைவிடமும் துணையுமாம். மலிவு விலையில் கிடைக்கும் கண்டென்சர் ஒலிவாங்கிகள் பலவற்றில், பெரிய தலைக்குள் சட்டைப் பொத்தானை ஒத்த ஒரு காப்சூலே அமைந்துள்ளது. அதனை நீக்கி நல்லதொன்றைப் பொருத்துவதால் விளையும் பயனும், அப்பயனுக்குரிய எல்லையும் அறியத்தக்கவை.

கண்டென்சர் ஒலிவாங்கியை 1916ஆம் ஆண்டில் உருவாக்கியவர் அமெரிக்க இயற்பியலறிஞர் இ. சி. வென்ட் ஆவார். அசையாத் தகடு ஒன்றும், அதன்முன் மிக நெருக்கமாக இழுத்துக் கட்டிய மெல்லிய படலம் ஒன்றும் அதன் உறுப்புகள். ஒலி படுங்கால் படலம் அதிரும். இடைவெளி கூடிக் குறையும். அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். இதற்குத் தகட்டிலோ படலத்திலோ மின்னூட்டம் நிலைத்திருத்தல் வேண்டும். தொடக்கத்தில் அதனை வெளியிலிருந்தே ஊட்டினர். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவரும், மின்னூட்டத்தைத் தன்னகத்தே நெடுங்காலம் தேக்கிவைக்கும் ‘எலெக்ட்ரெட்’ படலத்தால் ஒலிவாங்கி செய்தனர். 1968 அளவில் சோனி நிறுவனம் அவ்வகையைப் பெருமளவில் செய்யலாயிற்று. விலை சரிந்தது அதன் பின்னரே. ஆகவே மலிவு என்பது தத்துவத்தின் குறையன்று. ஒரே தத்துவத்தில் நுண்ணிய வேலைப்பாடும் உண்டு, எளிய வேலைப்பாடும் உண்டு.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமை முதலில் இரைச்சலில் வெளிப்படும். பேச்சொலி ஏதும் இல்லாதபோதும் ஒலிவாங்கி தானே எழுப்பும் ‘உஸ்’ என்னும் ஒலியே அது. எடுத்துக்காட்டாக, ஒருகாலத்தில் பலரும் கையாண்ட பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ என்னும் காப்சூலின் குறுக்களவு 6 மில்லிமீட்டர். அதன் இரைச்சல் ஏறத்தாழ 32 டெசிபெல். பிரைமோ நிறுவனத்தின் இஎம்-172 என்பதன் குறுக்களவு 10 மில்லிமீட்டர். இரைச்சல் ஏறத்தாழ 14 டெசிபெல். இடையிலுள்ள 18 டெசிபெல் சிறிய எண்ணாகத் தோன்றினும், இரைச்சலின் ஆற்றல் அறுபது மடங்குக்கும் மேலாகக் குறைகிறது என்பதே அதன் பொருள். பரப்புப் பெரிதாயின் படலம் பெறும் ஒலியும் பெரிதாகும். கூட்டினுள் இருக்கும் டிரான்சிஸ்டர் நல்லதாயின் இரைச்சல் குறையும்.

இஃது இசைக்கலைஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. குற்றியலுகரத்தின் அளவு அரை மாத்திரை. முதியோர் ஒருவரின் பேச்சையோ ஒரு பாடத்தையோ பதிவு செய்யுங்கால், முதலில் இரைச்சலில் மூழ்குவன இத்தகைய குறுகிய, மெலிந்த ஒலிகளே. பின்னர் எவ்வளவு உரக்க ஒலிக்கச் செய்யினும் இரைச்சலும் உடன் உயருமேயன்றி, மறைந்த ஒலி மீளாது.

காப்சூலை மாற்றுவோர் மூன்றனைக் கருதல் வேண்டும். முதலாவது, வகை. எலெக்ட்ரெட் காப்சூலுக்குச் சில வோல்ட் மின்னழுத்தமே போதும். ஒலிப்பதிவுக் கருவி தரும் 48 வோல்ட்டை அதற்கு நேரே செலுத்தலாகாது, இடையே குறைத்துத் தரும் சுற்று வேண்டும். வெளியிலிருந்து மின்னூட்டம் பெறும் வகையை எலெக்ட்ரெட்டின் இடத்தில் வெறுமனே பொருத்தினால் அது வேலை செய்யாது. இரண்டாவது, திசை. மேற்சொன்ன இஎம்-172 எத்திசை ஒலியையும் ஏற்பது. அறையின் எதிரொலியும் மின்விசிறியின் ஓசையும் அதில் சேரும். முன்பக்க ஒலியையே மிகுதியும் ஏற்கும் வகைக்குப் பின்புறம் துளைகள் உண்டு. பசையாலோ பஞ்சாலோ அவற்றை அடைத்துவிட்டால் அத்தன்மை கெடும். மூன்றாவது, கைப்பக்குவம். வெப்பம் மின்னூட்டத்தை அழிக்குமாதலின் ஈயப்பற்று வைப்பதை ஓரிரு நொடிகளில் முடித்தல் வேண்டும். படலத்தை விரலால் தொடுதலும் கூடாது.

காப்சூலும் அதன் பின்னுள்ள மின்சுற்றும் இணைந்தே ஒலியின் தன்மையை அமைக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. 1960இல் பெர்லினின் நாய்மன் நிறுவனம் வெளியிட்ட யு-67 என்னும் ஒலிவாங்கி இதற்குச் சான்று. அதன் கே-67 காப்சூல் உயர்ந்த சுருதிகளை மிகுத்துக் காட்டும் இயல்புடையது. மின்சுற்று அம்மிகையைக் குறைத்துச் சமன் செய்தது. பிற்கால மலிவு ஒலிவாங்கிகள் பல அக்காப்சூலின் வடிவத்தைப் படியெடுத்தன; சமன் செய்யும் சுற்றையோ விட்டுவிட்டன. அவற்றில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காதைக் குத்துவதற்குக் காரணம் இதுவே. அவ்வாறே, பெருக்கியே இரைச்சலுடையதாயின், எத்துணை நல்ல காப்சூலும் அவ்விரைச்சலைப் போக்காது.

ஆதலின் முதலில் குறை எவ்விடத்தது என்று ஆராய்தல் வேண்டும். குறை காப்சூலில் இருப்பின், பழைய உடலையே வைத்துக்கொண்டு சிறு செலவில் அதனை நீக்கலாம். சுற்றிலோ அறையிலோ இருப்பின், முதலில் திருத்த வேண்டியவை அவையே.