ஒரே பெயரில் ரெண்டு மெத்தட்: கம்ப்யூட்டர் யார் பேச்சைக் கேட்கும், தெரியுமா?

கேரளப் பள்ளிகளின் ஐசிடி பாடத்தில் பைத்தான் இருக்கிறது. பாலக்காடு சித்தூரிலும் இடுக்கி மூணாறிலும் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது அறிமுகம். காலேஜுக்குப் போனால் அடுத்த படி, ட்ரெய்ட்! பல கிளாஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெத்தட்களின் தொகுப்பு. பகிர்ந்தது பிடிக்கவில்லையா? மாற்றி எழுது, அது ஓவர்ரைட். போதவில்லையா? மேலே கூட்டு, அது எக்ஸ்டெண்ட். இதற்குள் எத்தனை கூத்து!

எல்லை ஊர் அலுவலகத்திலேயே ஓவர்ரைட் இருக்கிறது, தெரியுமா?
1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வரவேண்டும்! புரோகிராமாக எழுதினால், ட்ரெய்ட்டில் உள்ள 'பதில்' மெத்தட் மலையாளத்தில் எழுதும், இடுக்கியின் தேவிகுளம் கிளாஸ் அதைத் தமிழுக்கு ஓவர்ரைட் செய்யும். மலையாளத்தை அப்படியே வைத்துக் கீழே தமிழையும் சேர்த்தால் எக்ஸ்டெண்ட்!

மூவரில் ஜெயிப்பது யார், தெரியுமா?
பிஹெச்பி மொழிக்கு ட்ரெய்ட் வந்தது 2012-ல், 5.4 பதிப்பில். கிளாஸ் தானே எழுதிய மெத்தட்டுக்கு முதல் மரியாதை. அடுத்து ட்ரெய்ட். தாய் கிளாஸ் கடைசி! 2003-ல் ஷேர்லி, டுகாஸ், நீர்ஸ்ட்ராஸ், பிளாக் என்ற நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வகுத்த வரிசையும் இதுவே.

'பேரண்ட்' என்று கூப்பிட்டால் ட்ரெய்ட் திரும்பிப் பார்க்காது, தெரியுமா?
பலரும் வழுக்கி விழும் இடம் இது! பிஹெச்பி கிளாஸில் ட்ரெய்ட் மெத்தட்டை ஓவர்ரைட் செய்தீர்கள். பழையதையும் ஓடவிட 'பேரண்ட்' போட்டால், அழைப்பு ட்ரெய்ட்டைத் தாண்டித் தாய் கிளாஸுக்குப் போய்விடும். தீர்வு ஒரே ஒரு வரி: 'ஆஸ்' போட்டு ட்ரெய்ட் மெத்தட்டுக்கு இன்னொரு பெயர் வையுங்கள். புது மெத்தட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பழையதும் ஓடும், புதியதும் ஓடும்!

ரெண்டு ட்ரெய்ட் மோதினால்?
ஒரே பெயர் மெத்தட் இரண்டிலும் இருந்து, கிளாஸும் தனக்கென ஒன்று எழுதாவிட்டால், பிஹெச்பி ஓடவே மறுக்கும்! 'இன்ஸ்டெட்ஆஃப்' போட்டு இன்னது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஸ்காலாவில் வலது, பைத்தானில் இடது, தெரியுமா?
ஸ்காலா மொழியில் கடைசியாகச் சேர்த்த ட்ரெய்ட்டின் மெத்தட்தான் முதலில் ஓடும். 'சூப்பர்' போட்டால் இடப்பக்கம் நகரும். பைத்தானில் ட்ரெய்ட் வேலையைச் செய்வது மிக்ஸின். அங்கே இடது ஓரத்தில் எழுதியதற்கே முன்னுரிமை. நேர் எதிர்!

ரஸ்ட்டில் திரும்பும் வழியே கிடையாது, தெரியுமா?
ரஸ்ட் மொழியின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2015-ல். ரஸ்ட் ட்ரெய்ட்டின் டிஃபால்ட் மெத்தட்டை ஓவர்ரைட் செய்துவிட்டால், உள்ளேயிருந்து பழையதைக் கூப்பிட முடியாது. அனுபவசாலிகள் டிஃபால்ட் வேலையை முன்கூட்டியே தனி ஃபங்ஷனாகப் பிரித்து வைத்துவிடுவார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

கிளாஸையே ஓவர்ரைட் செய்யும் மாடியூல் தெரியுமா?
ரூபி மொழியில் ட்ரெய்ட் வேலையைச் செய்வது மாடியூல். 2013-ல் வந்த 2.0 பதிப்பில் 'ப்ரீபெண்ட்' போட்டுச் சேர்த்த மாடியூல், கிளாஸின் சொந்த மெத்தட்டையே முந்திக்கொள்ளும். அதற்குள் 'சூப்பர்' போட்டால்தான் கிளாஸுக்கு வாய்ப்பு!

மிக்ஸின், ஐஸ்கிரீம் கடையில் பிறந்த பெயர், தெரியுமா?
அந்தப் பெயர் அமெரிக்காவின் சோமர்வில் ஊரில் இருந்த ஸ்டீவ்ஸ் ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்தது. ஐஸ்கிரீமில் கடலை, மிட்டாய் கலந்து தருவார்கள். எம்ஐடி-யில் உருவான ஃபிளேவர்ஸ் என்ற புரோகிராமிங் அமைப்பு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அதன் அடிப்படைக் கிளாஸ், வெனிலா!

'சூப்பர்' எப்போதும் தாயைத் தேடாது, தெரியுமா?
பைத்தானில் அது வரிசையில் அடுத்து நிற்பவரைத் தேடும். அடுத்தவர் பக்கத்து மிக்ஸினாகவும் இருக்கலாம்! இந்த வரிசையைப் போடும் கணக்கு டிலன் மொழிக்காக 1996-ல் எழுதப்பட்டது. பைத்தான் 2003-ல், 2.3 பதிப்பில் அதை எடுத்துக்கொண்டது. சந்தேகமா? கிளாஸின் எம்ஆர்ஓ-வை, அதாவது மெத்தட்டைத் தேடும் வரிசையை, பிரிண்ட் பண்ணுங்கள். முழு வரிசையும் திரையில் வந்து நிற்கும். ஓவர்ரைட் செய்யும் முன்பே யார் முந்துவார், யார் பிந்துவார் என்று தெரிந்துவிடும்!