தாழ்த்திய வண்டியும் அதிர்வடக்கியும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, வண்டியின் உடலை நிலத்தை நோக்கித் தாழ்த்தி ஓட்டும் வழக்கம் இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் மெக்சிக்க அமெரிக்க இளைஞரிடையே பரவியது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பினும் தாழ்ந்த உறுப்புகளையுடைய வண்டிகளை அம்மாநிலம் 1950களின் இறுதியிற் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. ஆயினும் வழக்கம் ஒழிந்திலது. 1980களிற் சிறிய பிக்கப் வண்டிகளையும் பற்றிக்கொண்டது. இவ்வாறு தாழ்த்துவோருட் பலர் வில்லையே கருதுவர். வில்லோடு இணைந்து தொழிலாற்றும் பின்புற அதிர்வடக்கியை மறப்பர். அம்மறதியால் நேருங் கேடு யாது, அதனைத் தவிர்க்குமாறு எங்ஙனம் என்பன ஈண்டு ஆராயப்படும்.

‘ஷொக் அப்சோபர்’ எனத் தொழிலாளர் வழங்கும் அதிர்வடக்கி வண்டியின் பாரத்தைத் தாங்குவதன்று. பாரத்தைத் தாங்குவது வில். மேட்டில் ஏறிய சக்கரம் வில்லை அமுக்க, வில் அச்சத்தியைச் சேமித்து மீளக் கொடுக்கும். தடுப்பாரின்றேல் வண்டி பலமுறை மேலுங் கீழும் அலையும். அதிர்வடக்கியின் உருளையுள் இருக்கும் முசலம் எண்ணெயைச் சிறு துளைகளினூடே செலுத்துகின்றது. அலைவின் சத்தி வெப்பமாகி வெளியேறுகின்றது. எனவே, அதனைத் தெரிவு செய்வோன் இரண்டு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். ஒன்று நீளம், மற்றொன்று தணிக்கும் வலிமை.

முதலில் நீளத்தை நோக்குவாம். ஒரு வண்டியில் அதிர்வடக்கியின் மேல், கீழ்ப் பொருத்துகளுக்கிடையே 18 அங்குலம் உளதெனக் கொள்க. அவ்வதிர்வடக்கி முற்றாக அமுங்கின் 13 அங்குலமும், முற்றாக நீளின் 21 அங்குலமும் ஆகும். வண்டியை 4 அங்குலந் தாழ்த்தினால் இடைத்தூரம் 14 அங்குலமாகும். அமுங்குதற்கு எஞ்சியது ஓரங்குலமே. சட்டகத்தின் இறப்பர்த் தடுப்புக் கட்டையை அச்சுத் தொடுதற்கு 3 அங்குலம் இருப்பினும், அதற்கு முன்னரே முசலம் உருளையின் அடியில் மோதும். இறப்பர் தாங்கவேண்டிய அடியை அதிர்வடக்கி தாங்கும்; வாயில்கள் சிதையும், பொருத்துகள் முறியும். பாரம் ஏற்றிய வண்டியில் அவ்வோரங்குலமும் எஞ்சாது. பள்ளத்தில் விழுந்த சக்கரம் துள்ளித் தரையை விட்டெழுமாயின், அக்கணத்திற் பிரேக்கும் பயன்படாது.

ஆகவே, அளந்தே வாங்குதல் வேண்டும். சட்டகத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, பழைய அதிர்வடக்கியைக் கழற்றி, அச்சைத் தடுப்புக் கட்டை நன்கு நசியும் வரை உயர்த்தி ஒரு முறையும், முற்றாகத் தொங்கவிட்டு ஒரு முறையும் இடைத்தூரத்தை அளக்க. புதியது அமுங்கிய நிலையில் முதலாம் அளவிலுங் குறுகியதாயும், நீண்ட நிலையில் இரண்டாம் அளவிலும் நெடியதாயும் இருத்தல் வேண்டும். இரு புறமும் அரை அங்குலமேனும் இடைவெளி விடுதல் நன்று. ஏற்றவை கிடையாவிடத்துப் பொருத்துகளை இடமாற்றலாம். ஆனால் அதிர்வடக்கி சாயுந்தோறும் அதன் பயன் குறையும். நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாயின் தணிப்பு முக்காற் பங்காகும். 45 பாகை சாயின் அரைப் பங்காகும். கோணத்தின் கோசைனது வர்க்கத்தின்படி அது குறைவதே காரணம்.

இனி வலிமை. தாழ்த்திய முறையே இதற்கு விடை தரும். தகட்டுவில்லின் கீழே கட்டிய அச்சை அதன் மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஏறக்குறைய 5 அல்லது 6 அங்குலந் தாழும். அச்சு மோதாவண்ணம் சட்டகத்தை வளைவாக வெட்டி வலுப்படுத்தலும் வேண்டும். எனினும் வில் மாறிலி மாறவில்லை. வண்டியின் திணிவும் மாறவில்லை. அதனால் அலைவின் மீடிறன் முன்போன்றதே. இங்குக் குறுகிய, ஆனால் பழைய வலிமையுடைய அதிர்வடக்கி போதும்.

சுருள்வில்லின் நிலை வேறு. 1960 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலே அரைத்தொன் பிக்கப் வண்டிகளிற் பெரும்பாலானவை பின்புறத்திற் சுருள்வில் கொண்டவை. சுருளை வெட்டித் தாழ்த்தும்போது வில் கடினமாகும்: தொழிற்படும் பத்துச் சுற்றுகளில் இரண்டை நீக்கின் வில் மாறிலி நாலிலொரு பங்கு கூடும். கடின வில் வேகமாக மீளுமாதலின், நீளும்போது கூடிய தடை தரும் அதிர்வடக்கி வேண்டப்படும். பழைய வலிமையே கொண்டதைப் பொருத்தினால், நீளம் பொருந்தியும் வண்டி குதித்துக்கொண்டேயிருக்கும்.

வண்டியை எவ்வளவு தாழ்த்துவதென்பது அவரவர் விருப்பம். தாழ்த்திய பின் சக்கரம் மேலெழவும் கீழிறங்கவும் எவ்வளவு இடம் எஞ்சுகின்றது என்பதோ அளவுகோல் கூறவேண்டியது. விருப்பம் முடிந்த இடத்தில் அளவை தொடங்குமாயின், அவ்வண்டியில் ஏறுவோர் அச்சமின்றிச் செல்வர்.